கணக்கில் வராத லாரி

செங்கல்பட்டில் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி இருந்த ஒரு லாரி புக்கிங் ஆபீசில் எட்டு வருடம் குமாஸ்தாவாக இருந்தேன். ஆபீஸ் என் மாமாவுடையது, அதாவது அத்தையின் கணவருடையது. எங்களுக்கென்று ஒரு லாரிகூடச் சொந்தமாகக் கிடையாது. லாரி வைத்திருப்பவர்களுக்கு லோடு பிடித்துக் கொடுப்போம், லோடு வைத்திருப்பவர்களுக்கு லாரி பிடித்துக் கொடுப்போம். இரண்டு பக்கமும் கமிஷன். நெல், செங்கல், ஜல்லி, கேளம்பாக்கத்து உப்பு. தேர்தல் வந்தால் மனிதர்கள்.

எமர்ஜென்சியை நீக்கிய சமயம் அடுத்தடுத்துத் தேர்தல் வந்தது. எந்தத் தேர்தல், எந்தக் கட்சி, எந்த வேட்பாளர் என்று இங்கே எழுதப்போவதில்லை. எல்லாக் கட்சிக்கும் நாங்கள் லாரி அனுப்பினோம். எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் கணக்கை மறைத்துக் கொடுத்தோம்.

தேர்தல் டிரிப்பை வழக்கமான புத்தகத்தில் ஏற்றக்கூடாது என்பது மாமாவின் சட்டம். ஆனால் எங்குமே எழுதாமல் விட்டால் பிறகு வாடகையை வசூலிக்க முடியாது. ஜெயித்தவன் மறந்துவிடுவான், தோற்றவன் வீட்டில் இருக்கமாட்டான். அதனால் நாற்பது பக்க நோட்டு ஒன்றில் தனியாக எழுதுவேன். என்ன தேதி, எந்த ஊர், எத்தனை லாரி, யார் சொன்னது. பணம் வந்து சேர்ந்ததும் அந்த நோட்டு அடுப்புக்குப் போய்விடும்.

வாக்குப்பதிவுக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒரு காலையில் போன் வந்தது. பேசியவர் ஒரு வேட்பாளரின் தேர்தல் ஏஜென்ட். ரைஸ் மில் முதலாளி. பெரிய தலைவர் ஒருவர் மறுநாள் மாமல்லபுரத்தில் பேசப்போகிறார் என்றார்.

"ஏழு லாரி வோணும் பாய். நாளைக்கு மத்தியானம் ரெண்டு மணிக்கு ஆளு ஏத்தணும். படூருக்கு மட்டும் ரெண்டா அனுப்பு, அங்க ஜனம் ஜாஸ்தி. வாடகை எலெக்ஷன் முடிஞ்சி சேத்து வாங்கிக்க."

நோட்டில் எழுதிக்கொண்டேன். படூர் இரண்டு, திருவிடந்தை ஒன்று, மற்ற நான்கு ஊருக்கு ஒவ்வொன்று. பக்கத்தில் ஏஜென்டின் பெயரையும் எழுதினேன்.

படூரிலிருந்து கிளம்பிய இரண்டாவது லாரி, திருப்போரூரைத் தாண்டி ஏரிக்கரை வளைவில் கவிழ்ந்தது. மத்தியானம் மூன்றரை மணி. அது ஜல்லி ஏற்றும் லாரி. பின்னால் அறுபது பேருக்கு மேல் நின்றுகொண்டு வந்திருக்கிறார்கள். முதல் லாரியை முந்த வேண்டும் என்று டிரைவர் அடித்துக்கொண்டு போனதாகப் பிறகு சொன்னார்கள். இரண்டு பெண்களும் ஒரு கிழவரும் அங்கேயே இறந்துபோனார்கள். முதல் லாரி நிற்காமல் கூட்டத்துக்குப் போய்விட்டது. கூட்டமும் நடந்தது.

செய்தி வந்ததும் மாமா என்னைச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

"டிரைவர் வாயத் தொறந்தானான்னு பாத்துட்டு வா. வேற யார்கிட்டயும் பேச்சு குடுக்காத."

போனேன். வராந்தா முழுக்கப் படூர் ஜனங்கள். தரையில் சுவரோரமாக நான்கு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ரவிக்கையில் குத்திய கட்சிக் காகிதக் கொடியை எடுக்கவேண்டும் என்றுகூட அவர்களுக்குத் தோன்றவில்லை. ஒருத்தியின் கை முழங்கைக்குக் கீழே வேறு பக்கம் திரும்பி இருந்தது. அவள் அழவில்லை. கூட்டம் முடிந்து திரும்பியதும் கொடுப்பதாகச் சொன்ன இரண்டு ரூபாயை யாரிடம் கேட்பது என்று பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். டிரைவர் நினைவில்லாமல் கிடந்தான். அதைப் போய் மாமாவிடம் சொன்னேன். அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. எனக்கும் வந்தது. அதை மறைக்காமல் எழுதத்தான் வேண்டும்.

மறுநாளே பேச்சு மாறிவிட்டது. லாரி தங்களுடையது இல்லை என்றது வேட்பாளரின் பக்கம். ஜல்லி ஏற்றக் காலியாகப் போன லாரியில் ஜனங்கள் தாங்களாகவே ஏறிக்கொண்டார்கள் என்று லாரியின் சொந்தக்காரன் போலீசில் எழுதிக் கொடுத்தான். நினைவு திரும்பியதும் டிரைவரும் அதையே சொன்னான். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றினால் தாங்கள் பொறுப்பில்லை என்றது இன்சூரன்ஸ்.

தேர்தல் முடிந்தது. அந்த வேட்பாளர் ஜெயித்தார். வாடகை முழுவதும் ரொக்கமாக வந்து சேர்ந்தது. கூடவே ஏஜென்டிடமிருந்து ஒரு வேண்டுகோளும் வந்தது. மாமா எங்கள் ஆபீஸ் பெயர் அச்சடித்த பில் புத்தகத்தை என் முன் தள்ளினார்.

"பந்தல் கம்பு ஏத்த ஒரு லாரி, ஒரு நாள் வாடகைன்னு எழுது. கையெழுத்து போடு. அவங்க கணக்கு காட்டணுமாம்."

"ஏழு லாரி போச்சே மாமா?"

"போச்சா? எங்க போச்சு?"

எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நோட்டைக் கொளுத்திவிடச் சொன்னார். அதை மட்டும் நான் செய்யவில்லை. தைரியத்தால் இல்லை. நாளைக்கு எல்லாரும் ஒன்று சேர்ந்து, லாரி அனுப்பியது குமாஸ்தாதான் என்று சொல்லிவிட்டால் நான் எதைக் காட்டுவது என்ற பயம். நோட்டை வீட்டுக்குக் கொண்டுபோய்த் துணிப்பெட்டிக்கு அடியில் வைத்தேன்.

இரண்டு வாரம் கழித்து, மாமா தொழுகைக்குப் போயிருந்த நேரம், ஒரு பெண் ஆபீசுக்குள் வந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும். மாநிறம். நூல் புடவை, கையில் டிபன் பாக்ஸ் பை.

"பாய், நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல இருந்து வரேன்" என்றாள்.

குரலைக் கேட்டதும் தெரிந்துவிட்டது. மூன்று வருடமாக ஒரு நாளைக்கு இருபது தடவை கேட்ட குரல். அந்தக் காலத்தில் செங்கல்பட்டில் போனை எடுத்தால் ஆபரேட்டர்தான் பேசுவார், நம்பர் சொன்னால் லைன் போடுவார். முகம் தெரியாமலே தினமும் பழகியிருந்தோம். வெளியூர் டிரங்கால் சீக்கிரம் கிடைத்தால் நன்றி சொல்வேன், தாமதமானால் கோபப்படுவேன். அவ்வளவுதான்.

"அந்தப் படூர் லாரில போனதுல எங்கம்மா செத்துப்போச்சு."

நான் எழுந்து நின்றுவிட்டேன். அவளே தொடர்ந்தாள்.

"மொத நாளு உங்களுக்கு வந்த போனை நான்தான் போட்டேன். லைன் சரியா கீதான்னு ஒரு செகண்டு காதுல வச்சிப் பாப்போம். 'ஏழு லாரி, படூருக்கு ரெண்டு'ன்னு காதுல வுழுந்துது. நம்மூரு பேராச்சேன்னு காத எடுக்காம கேட்டுக்கினு இருந்துட்டேன். எங்கம்மாவும் போவும்னு எனுக்குத் தோணல பாய். நடவு இல்லாத நாளு. ரெண்டு ரூவா குடுக்கறான்னா அது போவாம இருக்குமா?"

அவளுடைய அப்பாவும் அம்மாவும் படூரில் கூலிக்கு வயல் வேலை செய்தவர்கள். சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடையாது. அந்தக் குடும்பத்தில் எஸ்.எஸ்.எல்.சி. தாண்டிய முதல் ஆள் அவள். சர்க்கார் வேலை கிடைத்துச் செங்கல்பட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்தாள். இதையெல்லாம் பிறகுதான் தெரிந்துகொண்டேன். அன்று அவள் கேட்டது ஒன்றுதான்.

"லாரிய யாரு அனுப்புனாங்கன்னு உங்களுக்குத் தெரியும். எனுக்கும் தெரியும். ஆனா எனுக்குத் தெரியும்னு நான் வெளிய சொல்லக் கூடாது. ஆபரேட்டரு கேட்டதச் சொன்னா வேலை போயிடும். நீங்க சொல்லலாம்."

அவளுக்கு உதவியது செங்கல்பட்டுக் கோர்ட்டில் ஒரு சீனியரிடம் ஜூனியராக இருந்த வக்கீல். அவள் குடியிருந்த வீட்டுக்காரரின் மகன். தேர்தலில் நின்ற ஒவ்வொருவரும் முடிவு வந்த முப்பது நாளைக்குள் செலவுக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும், ஒரு ரூபாய் கட்டினால் அதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று அவர்தான் சொல்லியிருந்தார். அந்தக் கணக்கில் லாரி இருந்தால் லாரி அவர்களுடையது. இல்லையென்றால் கணக்கு பொய். இரண்டில் எதுவானாலும் இறந்தவர்களுக்கு ஒரு வழி பிறக்கும் என்று நம்பினாள். எப்படி அவளோடு கிளம்பச் சம்மதித்தேன் என்று இன்றைக்கும் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. எழுந்து நின்றவன் உட்கார முடியாமல் போய்விட்டது என்றுதான் நினைக்கிறேன்.

ஜில்லா பெயர் செங்கல்பட்டு என்றாலும் கலெக்டர் ஆபீஸ் காஞ்சிபுரத்தில். நானும் அவளும் வக்கீலும் காலைப் பாசஞ்சரில் போனோம். தேர்தல் பிரிவில் இருந்த குமாஸ்தா நாங்கள் கேட்டதைக் கேட்டு எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"கணக்கையா? எதுக்கும்மா? இதுவரைக்கும் யாரும் வந்து கேட்டதில்ல."

"பாக்கலாம்னு சட்டத்துல இருக்கு சார்" என்றார் வக்கீல்.

குமாஸ்தா உள்ளே போனார், மேலதிகாரியைக் கேட்டார், விதிப் புத்தகத்தைத் தேடினார். மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு வரச் சொன்னார். பிறகு ஒரு ரூபாய்க்கு ரசீது போட்டுத் தந்து, ஃபைலைக் கொண்டுவந்து, பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

அவ்வளவு சுத்தமான கணக்கை நான் பார்த்ததில்லை. ஒரு அடித்தல் இல்லை. இரண்டு ஜீப், ஒரு கார், அவற்றுக்குப் பெட்ரோல். சுவரொட்டி ஆயிரம். எங்கள் தெருவிலேயே முந்நூறு ஒட்டியிருந்தார்கள். டீ, பன். மொத்தம் சட்டம் அனுமதித்த தொகைக்கு நன்றாகக் கீழே நின்றது. மாமல்லபுரம் கூட்டத்துக்கு நேரே, கட்சியின் செலவு என்று இரண்டே வார்த்தை.

அவள் ஒவ்வொரு தாளாக விரலை ஓட்டிக்கொண்டே வந்தாள். அந்த பில் வரப்போகிறது என்று எனக்குத் தெரியும். காஞ்சிபுரம் போகும் வழி முழுக்கச் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்து வாயெடுத்து நிறுத்தியிருந்தேன். வந்தது. எங்கள் ஆபீஸ் பெயர், பந்தல் கம்பு, ஒரு லாரி, ஒரு நாள்.

அவள் விரல் அங்கேயே நின்றது.

"இது யாரு எழுத்து பாய்?"

"என்னுதுதான்."

"இன்னும் ஆறு லாரி?"

ஃபைலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த குமாஸ்தா எங்களைப் பார்க்காத மாதிரி ஜன்னலைப் பார்த்தார். பிறகுதான் நோட்டு என்னிடம் இருப்பதைச் சொன்னேன். அவளுக்கு என்மேல் கோபம் வந்திருக்க வேண்டும். காட்டிக்கொள்ளவில்லை.

"அது போதும். அத பத்திரமா வச்சிருங்க" என்றாள்.

திரும்பி வரும் ரயிலில் வக்கீல் நிலைமையை விளக்கினார். ஐகோர்ட்டில் தேர்தல் வழக்குப் போட நாற்பத்தைந்து நாள்தான் அவகாசம், இரண்டாயிரம் ரூபாய் டெபாசிட் கட்ட வேண்டும். எங்களால் ஆகாது. கட்டினாலும் ஒரு இடைஞ்சல் இருந்தது. கட்சி செய்த செலவும் வேட்பாளர் செலவுதான் என்று டெல்லியில் பெரிய கோர்ட் ஒரு தீர்ப்புச் சொன்னதாம். உடனே, கட்சியும் நண்பர்களும் செய்வதைச் சேர்க்க வேண்டாம் என்று சட்டத்தையே திருத்திவிட்டார்களாம். "ஆயிரம் லாரி ஓட்டினாலும் எங்க கட்சிதான் குடுத்துச்சுன்னு சொல்லிட்டுப் போயிடலாம்" என்றார். ஆனால் எங்கள் பில் பொய் என்று காட்டினால், லாரி பிடித்தது ஏஜென்ட் என்று நிரூபணம் ஆகும். அது இறந்தவர்களுக்காகப் போடும் நஷ்ட ஈட்டு வழக்குக்கு உதவும். கணக்கு பொய் என்று முதலில் கலெக்டருக்கு மனுக் கொடுப்பது என்று முடிவானது.

அடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஊர் ஊராகப் போனோம். லாரி போன ஊர்களில், அன்று ஏறியவர்களிடம் பெயரும் கைநாட்டும் வாங்கினோம். படூரில் எல்லாரும் வைத்தார்கள். திருவிடந்தையில் மீன் காயவைத்துக்கொண்டிருந்த ஒருவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நானும் போனேன் பாய், பொய் சொல்லல. ஆனா நாளைக்கு எங்க குப்பத்துக்கு ரோடு போட அவங்கதான வரணும்? இத்த வச்சி இன்னா பண்ணப் போறீங்க? சும்மா பேஜாரு."

அவள் அவரிடம் வாதாடவில்லை. பெயர் மட்டும் சொல்லுங்கள், கைநாட்டு வேண்டாம் என்றாள். அவர் பெயரும் சொல்லவில்லை. ஆனாலும் கடைசியில் நூற்றுக்கு மேல் கைநாட்டுகள் சேர்ந்தன. அந்த ஜில்லாவில் ஒரு வேட்பாளரின் கணக்கை ஊர்க்காரர்கள் உட்கார்ந்து சரிபார்த்தது அதற்கு முன் நடந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. அந்த இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் நான் சந்தோஷமாக இருந்தேன்.

மனுவைக் கலெக்டர் விசாரணைக்காகச் செங்கல்பட்டு ஆர்.டி.ஓ.வுக்கு, அதாவது வருவாய்க் கோட்ட அதிகாரிக்கு, அனுப்பினார். நாள் குறித்து எங்கள் ஆபீசுக்கும் நோட்டீஸ் வந்தது. அப்போதுதான் மாமாவுக்கு விஷயம் தெரிந்தது. நோட்டைக் கொளுத்தாததையும் அவரிடம் ஒப்புக்கொண்டேன்.

அவர் கத்தவில்லை. அந்த வாரத்திலேயே எங்களிடம் லோடு எடுக்கும் லாரிகளில் மூன்றை, பாரம் அதிகம் என்று செக்போஸ்டில் நிறுத்திவிட்டார்கள். அதுவரை யாரும் பாரத்தைப் பார்த்ததே இல்லை. லாரிக்காரர்கள் வந்து ஆபீஸ் வாசலில் உட்கார்ந்துகொண்டார்கள்.

"முப்பது பேரு நம்ம ஆபீஸ நம்பிக் கஞ்சி குடிக்கறான்" என்றார் மாமா. "அவங்க வூட்டுல அடுப்பு எரியாம பண்ணிட்டு நீ ஒரு நோட்ட தூக்கிக்கினு போய் நாயம் பேசப்போறியா?"

விசாரணைக்கு இரண்டு நாள் முன்பு ஏஜென்டே வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்தார். என்னிடம் விசாரணையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எழுந்து போகும்போது தோளில் கை வைத்தார்.

"தங்கச்சிக்கு நிக்காஹ் வச்சிருக்கியாமே பாய்? நல்லபடியா நடக்கட்டும்."

அவர் மிரட்டினாரா, வாழ்த்தினாரா என்று ராத்திரி என் மனைவியிடம் கேட்டேன். "ரெண்டும் ஒண்ணுதான்" என்றாள்.

விசாரணை அன்று நோட்டைத் துணிப்பையில் வைத்துக்கொண்டுதான் போனேன். எடுத்துக் கொடுத்துவிட வேண்டும் என்றுதான் போனேன். இதை யாரும் நம்ப வேண்டியதில்லை. ஆர்.டி.ஓ. நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். அறையில் ஒரு பக்கம் அவளும் வக்கீலும், படூரிலிருந்து வந்த அவள் அப்பாவும். இன்னொரு பக்கம் ஏஜென்டும் மாமாவும். வாசலில் லாரிக்காரர்கள். பிடிபட்ட லாரிக்காரன் ஒருவன் கையில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தான். மாமா வரச்சொல்லியிருக்க வேண்டும்.

ஆர்.டி.ஓ. பில்லை என்னிடம் நீட்டினார்.

"இது நீங்க போட்ட பில்லா?"

"ஆமா சார்."

"அன்னிக்கு ஏழு லாரி போனதா இவங்க சொல்றாங்க. இந்த பில்லைத் தவிர உங்க ஆபீஸ்ல வேற ஏதாவது பதிவு இருக்கா?"

பை என் மடியில் இருந்தது. நோட்டின் முனை துணி வழியாக விரலில் பட்டது.

"இல்ல சார்" என்றேன்.

எழுதியதை வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினார்கள். போட்டேன்.

வேறு சாட்சி உண்டா என்று ஆர்.டி.ஓ. கேட்டார். கைநாட்டு வைத்தவர்கள் லாரியில் ஏறியதைத்தான் சொல்ல முடியும், லாரியை யார் பிடித்தார்கள் என்று சொல்ல முடியாது என்றார் ஏஜென்ட். அது சரிதான். அப்போது அவள் எழுந்தாள். வக்கீல் அவள் முழங்கையைப் பிடித்து உட்காரச் சொன்னார். அவள் கையை விடுவித்துக்கொண்டாள்.

"எனுக்குத் தெரியும் சார். இவங்க எலெக்ஷன் ஆபீஸ்ல இருந்து லாரி ஆபீசுக்கு வந்த போன்ல நான் கேட்டேன். படூருக்கு ரெண்டு லாரி அனுப்பச் சொன்னாரு. இதோ, இவரு கொரலுதான்."

ஏஜென்ட் சிரித்துவிட்டார். "இதையும் எழுதிக்கோங்க சார். ஆபரேட்டரு ஜனங்க பேசறத ஒட்டுக் கேக்கறாங்கன்னு எழுதிக்கோங்க" என்றார்.

அவள் சொல்லவேண்டிய அவசியமே வந்திருக்காது. நான் நோட்டை எடுத்து வைத்திருந்தால் அவள் வாயைத் திறக்காமல் வீட்டுக்குப் போயிருப்பாள்.

வெளியே வந்ததும் என்னிடம் வந்தாள். பையைப் பார்த்தாள்.

"நோட்டு இதுலதான கீது?"

"ஆமா."

"சரி பாய்."

அவ்வளவுதான் சொன்னாள். அப்பாவைக் கூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தாள். மாமா என் முதுகில் தட்டிக் கொடுத்தார். மூன்று லாரிகளையும் மறுநாள் விட்டுவிட்டார்கள்.

பத்து நாளில் அவளைச் சஸ்பெண்ட் செய்தார்கள். ஆபீசில் போனை எடுத்தால் வேறு ஒரு பெண் பேசினாள். தங்கையின் நிக்காஹ் நல்லபடியாக நடந்தது. ஏஜென்ட் வந்து மொய் எழுதினார். அவருக்கு நானே பிரியாணி பரிமாறினேன். பரிமாறிக்கொண்டிருக்கும்போதே பாத்திரத்தை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்து நின்றேன். மறுநாள் காலை நோட்டை எடுத்துக்கொண்டு படூருக்குப் பஸ் ஏறினேன்.

அவள் வீட்டு வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நோட்டை நீட்டினேன். வாங்கவில்லை.

"இப்ப இன்னாத்துக்கு?"

"நஷ்ட ஈட்டு கேசுல நான் வந்து சொல்றேன். இந்தத் தடவை சொல்றேன்."

"தங்கச்சி கல்யாணம் முடிஞ்சிடுச்சா?"

"முடிஞ்சிடுச்சு."

முறத்தைக் கீழே வைத்துவிட்டு நோட்டை வாங்கினாள். அந்தப் பக்கத்தைப் பிரித்துப் பார்த்தாள். 'படூர் 2' என்று எழுதியிருந்த இடத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கலெக்டர் ஆபீசிலிருந்து பதில் வர நான்கு மாதம் ஆனது. செலவுக் கணக்கு உரிய காலத்தில், உரிய படிவத்தில் தாக்கல் செய்யப்பட்டுள்ளது, மேல் நடவடிக்கை தேவையில்லை. அதோடு மனு முடிந்தது.

நஷ்ட ஈட்டு வழக்கு ஒன்றரை வருடம் இழுத்தது. நான் கூண்டில் ஏறி, ஏழு லாரியையும் யார் கேட்டார்கள் என்பதையும் சொன்னேன். நோட்டைக் காட்டினேன். எதிர்த் தரப்பு வக்கீல் அவசரமே படாமல், ஆர்.டி.ஓ.விடம் நான் கையெழுத்துப் போட்ட வாக்குமூலத்தை எடுத்து வாசித்தார்.

"அன்னிக்கு வேற பதிவு இல்லைன்னு சொன்னீங்க. இன்னிக்கு இருக்குன்னு சொல்றீங்க. இதுல எது பொய்?"

"அன்னிக்குச் சொன்னதுதான் பொய்."

"அப்ப அதிகாரி முன்னாடி பொய் சொல்றவர்னு ஒத்துக்கறீங்க."

"ஆமா."

"இந்த நோட்டை அதுக்கப்பறம் உக்காந்து எழுதலைன்னு நாங்க எப்படி நம்பறது?"

தீர்ப்பில் என் சாட்சியம் நம்பத்தக்கதல்ல என்று எழுதியிருந்தது. லாரியை வேட்பாளரோ ஏஜென்டோ அமர்த்தியதாக நிரூபிக்கப்படவில்லை. இன்சூரன்சும் பொறுப்பில்லை. லாரி உரிமையாளர் மட்டும் இழப்பீடு கொடுக்க வேண்டும். உண்மை ஒன்றுதான். அதை நான் தப்பான நாளில் சொன்னேன்.

சாட்சி சொன்ன அன்றே மாமா என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். அத்தை அதற்குப் பிறகு எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. திருப்போரூரில் ஒரு துணிக்கடையில் கணக்கெழுதப் போனேன். சஸ்பென்ஷன் முடிந்து அவளுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. ஆனால் நீலகிரிப் பக்கம் மாற்றல் போட்டுவிட்டார்கள். கிளம்பும் முன் என்னை வந்து பார்ப்பாள் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. வரவேண்டிய காரணமும் இல்லை. வக்கீல் சென்னைக்குப் போய்விட்டார்.

தீர்ப்பு நகல் வந்த சமயம் அவள் அப்பா என் கடையைத் தேடிக்கொண்டு வந்தார். படூரிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தார். இங்கிலீஷில் இருப்பதைப் படித்துச் சொல்ல வேறு ஆள் தெரியவில்லை என்றார். என்மேல் அவருக்குக் கோபம் இருந்ததா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. கடை வாசலில் உட்கார வைத்து, எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் ஒவ்வொரு வரியாக வாசித்து அர்த்தம் சொன்னேன். என் சாட்சியத்தைப் பற்றி எழுதியிருந்த இடத்தையும் விடாமல் சொன்னேன். லாரிக்காரன் லாரியை எப்போதோ விற்றுவிட்டான், அவனிடம் வாங்க ஒன்றுமில்லை என்பதையும் சொன்னேன்.

தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

"எம் பொஞ்சாதிய யாரு இட்டுகினு போனாங்கன்னு அதுல எழுதிகீதா?"

"இல்லைங்க" என்றேன்.

அவர் தாளை வாங்கி நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். கேளம்பாக்கம் போகும் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார். சொன்னேன்.